ஐரோப்பாவுல பாலஸ்தீன ஆதரவு எங்கேர்ந்து வந்துச்சு? கொஞ்சம் பழைய கதை

ஐரோப்பால லட்சக்கணக்குல ஆள் திரண்டு பாலஸ்தீனக் கொடி புடிக்கிறாங்களே, இது எப்ப ஆரம்பிச்சது, அங்க இருக்க இடதுசாரிங்க 1948லேர்ந்தே இப்படித்தானா, இல்ல பழைய யூத வெறுப்பே புதுச் சட்டை போட்டுட்டு வருதா, இதான கேள்வி. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதை எழுதுற பாதிப் பேர் 1968 மாணவர் கலகத்துல கதைய ஆரம்பிச்சு அங்கயே முடிச்சுடுறாங்க. என்னைக் கேட்டா வேர் இருக்கறது அல்ஜீரியா போர்லயும், படிக்கவும் பொழைக்கவும் ஐரோப்பா வந்து சேர்ந்த அரபு ஆளுங்ககிட்டயும்தான். வெள்ளைக்கார மாணவருங்க வந்து சேர்ந்தது அதுக்கப்புறம்.

மொதல்ல 1948. அப்போ ஐரோப்பிய இடதுசாரிங்க இஸ்ரேல் பக்கம், அதுவும் உருகி உருகி. 1944லயே பிரிட்டிஷ் லேபர் கட்சி, யூதர்கள் உள்ள வர வர அரபு ஜனங்கள வெளிய போக ஊக்கப்படுத்தணும்னு மாநாட்டு அறிக்கையில எழுதி வச்சிருந்துச்சு. 1948 மே மாசம் இஸ்ரேல் அறிவிச்ச மூணே நாள்ல சோவியத் யூனியன் சட்டப்படி அங்கீகாரம் குடுத்துடுச்சு, துப்பாக்கியும் விமானமும் செக்கோஸ்லோவாக்கியாலேர்ந்து போச்சு. கிப்புட்ஸ்ங்கற இஸ்ரேல் கூட்டுப் பண்ணைன்னா பொதுவுடைமை நேர்ல நடந்து காட்டுற இடம்னு ஸ்காண்டிநேவியா பசங்க லீவு விட்டா கிளம்பிப் போய் ஆரஞ்சு பறிச்சாங்க. இஸ்ரேலை ஆண்ட மாபாய் கட்சி சோஷலிஸ்ட் இன்டர்நேஷனல்ல உறுப்பினர், அதாவது ஸ்வீடன், நார்வே, பிரிட்டன் ஆளுங்கட்சிகளுக்கெல்லாம் பங்காளி. 1949 நவம்பர்ல ஓஸ்லோ பக்கத்துல ஒரு விமானம் விழுந்து, இஸ்ரேலுக்குக் குடியேறப் போறதுக்கு முன்னாடி நார்வேல தங்க வந்த துனீசியா யூதக் குழந்தைகள் 27 பேர் செத்துப் போனாங்க, நார்வே ஜனங்க காசு வசூல் பண்ணி அவங்க ஞாபகமா இஸ்ரேல்ல யானுவ்னு ஒரு ஊரையே கட்டிக் குடுத்தாங்க. அந்த அளவுக்கு மனசு ஒட்டி இருந்துச்சு. யூதப் படுகொலை முடிஞ்சு நாலு வருஷம்தானே ஆச்சு, இது புரிஞ்சுக்க முடியாத விஷயமும் இல்ல.

அதே நேரத்துல வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட 7 லட்சம் பாலஸ்தீனியருங்க ஐரோப்பியக் கண்ணுக்கு 'அரபு அகதிங்க', அவ்ளோதான். மாவு, போர்வை, கூடாரம் குடுக்க வேண்டிய ஆளுங்க. ஐ.நா.வோட அன்ர்வா அமைப்பு 1950ல வேலைய ஆரம்பிச்சது, பரிதாபம் இருந்துச்சு, ஆனா இவங்களுக்கும் ஒரு அரசியல் இருக்கும், ஒரு கோரிக்கை இருக்கும்னு யாரும் யோசிக்கல.

இந்த ஒட்டுல மொதல் கீறல் விழுந்தது 1956ல. பிரான்ஸ் அப்போ அல்ஜீரியாவுல விடுதலைப் போராளிங்களோட சண்டை போட்டுட்டு இருக்கு, எகிப்து நாசர் அந்தப் போராளிங்களுக்கு உதவி செய்யறாரு, அதனால நாசர் மேல பாரிஸுக்குக் கொலைவெறி. சூயஸ் கால்வாய நாசர் தேசவுடைமை ஆக்கினதும் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூணும் ரகசியமா பேசி வச்சுக்கிட்டு எகிப்து மேல பாஞ்சாங்க. பிரான்ஸ் பிரதமரா இருந்த கீ மொல்லே யாரு? சோஷலிஸ்ட். இதுதான் முக்கியம். இஸ்ரேலுக்குப் போர் விமானம் குடுத்ததும், அப்புறம் திமோனா அணு உலைக்குக் கை குடுத்ததும் இதே பிரான்ஸ்தான். அல்ஜீரியா போரை எதிர்த்த பிரெஞ்சு ஆளுங்க, அதாவது தலைமறைவா அல்ஜீரிய அமைப்புக்குப் பணப்பெட்டி சுமந்து குடுத்தாங்களே, ஜான்சன் குழுன்னு 1960ல வழக்கு நடந்துச்சே, அவங்கள்ல சில பேருக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. நம்ம எதிர்க்கிற அதே காலனி அரசாங்கத்தோட இஸ்ரேல் ஏன் இவ்ளோ நெருக்கமா இருக்கு?

இந்த இடத்துல ஆன்ரி குரியேல்ங்கற ஒரு ஆளைப் பத்திச் சொல்லியே ஆகணும். கெய்ரோல பொறந்த யூதர், எகிப்துல கம்யூனிஸ்ட் இயக்கம் கட்டினவர், 1950ல எகிப்து நாட்டை விட்டுத் துரத்துச்சு. பாரிஸ் வந்தாரு, ஜான்சன் குழு புடிபட்டதும் அல்ஜீரிய உதவி வேலைய இவர்தான் எடுத்து நடத்தினாரு, ஜெயிலுக்கும் போனாரு. வெளிய வந்து சாலிடாரிடேன்னு ஒரு வலைப்பின்னல் கட்டி தென் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஸ்பெயின் போராளிங்களுக்கெல்லாம் கள்ள பாஸ்போர்ட் எப்படிச் செய்யறது, ரகசியமா எப்படித் தகவல் அனுப்பறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. 1976ல பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வோட இஸாம் சர்தாவியையும் இஸ்ரேல்ல ஜெனரலா இருந்து சமாதானம் பேச வந்த மட்டி பெலெடையும் பாரிஸ்ல ஒரே மேஜையில உக்கார வச்சதும் இந்த மனுஷன்தான். 1978 மே 4, பாரிஸ்ல அவர் வீட்டு லிஃப்ட்ல வச்சு சுட்டுட்டாங்க. ஐரோப்பாவோட பாலஸ்தீன ஆதரவுக்கு அல்ஜீரியாதான் பள்ளிக்கூடம்னு நான் சொல்றதுக்கு இவர் ஒருத்தர் கதையே போதும்.

சரி, 1967. ஜூன் மாசம் நடந்த போர்ல ஆறே நாள்ல மேற்குக் கரை, காஸா, சினாய், கோலான் எல்லாம் இஸ்ரேல் கைக்குப் போச்சு. ஐரோப்பியத் தெருவுல அந்த வாரம் நடந்தது பெரும்பாலும் இஸ்ரேல் ஆதரவு ஊர்வலம்தான், இதை நிறையப் பேர் மறந்துடுறாங்க. பிரெஞ்சு தத்துவஞானி சார்த்தரே இஸ்ரேலுக்கு ஆதரவா கையெழுத்துப் போட்டாரு. அதுல கொதிச்சுப் போன, அல்ஜீரியா விடுதலைக்காக எழுதின ஃபனோனோட மனைவி ஜோசி, தன் வீட்டுக்காரர் புத்தகத்துக்கு சார்த்தர் எழுதின முன்னுரைய இனிமே போடக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா அதே சார்த்தரோட பத்திரிகை அந்தப் போருக்குன்னே தயார் பண்ணி வச்சிருந்த மாதிரி அரபு-இஸ்ரேல் சிறப்பிதழ் ஒண்ணு கொண்டு வந்துச்சு, அதுல மாக்ஸிம் ரோதன்சோன்ங்கற அறிஞர், இஸ்ரேல் காலனி ஆதிக்கத்துல உருவான ஒண்ணுதானான்னு நேரா கேட்டு நீளமா ஒரு கட்டுரை எழுதினாரு. இவரும் யூதர், அப்பா அம்மா ரெண்டு பேரையும் அவுஷ்விட்ஸ்ல பறி குடுத்தவர். அல்ஜீரியால என்ன நடந்துச்சோ அதே கண்ணாடியப் போட்டு பாலஸ்தீனத்தைப் பாருங்கன்னு பிரெஞ்சு வாசகருங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு. நடுவுல பிரான்ஸ் ஜனாதிபதி டி கால் வேற, அவர் வலதுசாரி, அரபு நாடுகளோட உறவு வேணும்னு ஆயுதத் தடை போட்டாரு, நவம்பர் மாச நிருபர் கூட்டத்துல யூதர்கள் தன்னம்பிக்கையும் ஆதிக்க மனசும் உள்ள மேட்டுக்குடி ஜனம்னு ஒரு வார்த்தை விட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அது வேற ரூட்டு, மக்கள் இயக்கத்தோட கலக்காதீங்க.

இயக்கம்னு சொல்ற மாதிரி ஒண்ணு பிரான்ஸ்ல உருவானது 1970 கறுப்பு செப்டம்பருக்கு அப்புறம். ஜோர்தான் ராஜா ஹுசைன் ராணுவத்தை விட்டு ஃபிதாயீன்ங்கற பாலஸ்தீன ஆயுதப் போராளிங்களை அடிச்சு நொறுக்கின மாசம் அது. பாரிஸ்ல மொராக்கோ, துனீசியா, அல்ஜீரியாலேர்ந்து வந்த மாணவருங்களும் ஃபேக்டரி ஆளுங்களும் பாலஸ்தீனக் கமிட்டிகள்னு ஆரம்பிச்சாங்க, மாவோயிஸ்ட்டுங்க கூட நின்னாங்க. ரெனோ கார் ஃபேக்டரி வாசல், சந்தை, தொழிலாளர் விடுதி, டீக்கடைன்னு நோட்டீஸ் குடுத்தாங்க. ஆனா போகப் போக என்னாச்சுன்னா, பாலஸ்தீனம் பேச வந்த தொழிலாளி தன் கதையப் பேச ஆரம்பிச்சான்: ரூம் வாடகை, போலீஸ் அடி, குடியுரிமைக் காகிதம், இனவெறி. 1971 அக்டோபர்ல பாரிஸ் கூத் தோர் பகுதியில ஜெல்லாலி பென் அலின்னு 15 வயசுப் பையனை சுட்டுக் கொன்னாங்க, அதுக்கு நடந்த போராட்டத்தை முன்ன நின்னு நடத்தினதே இந்தக் கமிட்டி ஆளுங்க. சார்த்தர், ஃபூக்கோ, ஜெனே மாதிரி பெரிய பெரிய எழுத்தாளருங்க எல்லாம் தெருவுல வந்து நின்னாங்க, ஃபோட்டோல அவங்கதான் தெரியறாங்க, வேலை பார்த்தது சயீத் புஸிரி மாதிரி ஆளுங்க. 1972ல புஸிரியையும் அவர் மனைவியையும் நாடு கடத்தப் பார்த்தப்ப உண்ணாவிரதம் இருந்து நிறுத்தினாங்க. அந்தக் கமிட்டிகள்தான் அரபுத் தொழிலாளர் இயக்கமா மாறி, 1973ல மார்செய் பக்கம் நடந்த அரபுக் கொலைகளுக்கு எதிரா வேலைநிறுத்தமே நடத்துச்சு. பிரான்ஸ்ல பாலஸ்தீனமும் குடியேறிகளோட உரிமையும் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கறதுக்குக் காரணம் இது.

ஜெர்மனி கதை தலைகீழ். 1967 வரைக்கும் எஸ்.டி.எஸ்.ங்கற இடதுசாரி மாணவர் சங்கம் இஸ்ரேலுக்கு நண்பன், அரசாங்கம் இஸ்ரேலோட தூதரக உறவு வச்சுக்கணும்னு போராடினதே அவங்கதான் (1965ல வச்சாங்க). அப்புறம் 1967 ஜூன் 2, மேற்கு பெர்லின்ல ஈரான் ஷா வந்ததுக்கு எதிர்ப்பு காட்டப் போன பென்னோ ஓனேசோர்க்னு ஒரு மாணவரைப் போலீஸ் சுட்டுக் கொல்லுது. மூணு நாள் கழிச்சுப் போர். மாணவருங்களை ரவுடிங்கன்னு திட்டின ஸ்ப்ரிங்கர் பத்திரிகைகள் அதே வாரத்துல இஸ்ரேல் வெற்றிய தங்கள் வெற்றி மாதிரி கொண்டாடுச்சு. நேத்து வரைக்கும் நாஜியோட குப்பை கொட்டின அப்பன்மாருங்க இன்னைக்கு இஸ்ரேல் டாங்கியப் பார்த்துக் கை தட்டறாங்களேன்னு பசங்களுக்கு ஒரு அருவருப்பு. இஸ்ரேல் மேல இருந்த பாசம் ஒரே வருஷத்துல புட்டுக்கிச்சு. அவங்களுக்கு விஷயம் சொல்லிக் குடுத்தது அங்க மருத்துவமும் இன்ஜினியரிங்கும் படிச்சிட்டிருந்த பாலஸ்தீன மாணவருங்க. பாலஸ்தீன மாணவர் பொதுச் சங்கம் 1959ல கெய்ரோல தொடங்கினது, மேற்கு ஜெர்மனில அதுக்கு நல்ல பலம். 1968 மார்ச்ல ஜோர்தான்ல நடந்த கராமா சண்டையில ஃபத்தாங்கற பாலஸ்தீன ஆயுத அமைப்பு இஸ்ரேல் படைய எதிர்த்து நின்னதுக்கு அப்புறம் அதோட பேரு ஏறிச்சு, 1969 கோடையில ஜெர்மன் மாணவர் குழு ஒண்ணு ஜோர்தான் முகாமுக்கே போய் வந்துச்சு. அதே ஜூன்ல ஃப்ராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்துல இஸ்ரேல் தூதர் பென்-நாதனைப் பேசவே விடாம கத்தி நிறுத்தினாங்க.

இப்ப யூத வெறுப்புக் கேள்விக்கு வரேன், ஏன்னா இதை மூடி மறைச்சா பதில் பாதிதான். 1969 நவம்பர் 9, நாஜிகள் யூதக் கோயில்களைக் கொளுத்தின அதே நாளோட நினைவுக் கூட்டம் நடக்குது, மேற்கு பெர்லின் யூத சமூகக் கட்டடத்துக்குள்ள தூப்பமாரோஸ்னு பேர் வச்சுக்கிட்ட ஒரு இடதுசாரிக் கும்பல் குண்டு வச்சுச்சு. வெடிக்கல. குண்டைக் குடுத்தவன் உளவுத்துறை ஆளுன்னு பின்னாடி தெரிஞ்சது, ஆனா வச்சவங்க மனசு அதனால சுத்தமாயிடாது. இஸ்ரேல் மேல கோபம்னா ஜெர்மனில உயிர் தப்பிக் கெடக்கற கெழவன் கெழவி என்ன பண்ணாங்க? 1976ல உகாண்டாவோட என்டெபேக்கு விமானத்தைக் கடத்தினதுல ஜெர்மன்காரங்க ரெண்டு பேர் இருந்தாங்க, இஸ்ரேலியப் பயணிங்களைத் தனியாப் பிரிச்சு வச்சாங்க. 1982 ஜூன்ல ரோம்ல தொழிற்சங்க ஊர்வலத்துல போனவங்க பெரிய யூதக் கோயில் வாசல்ல ஒரு சவப்பெட்டிய வச்சுட்டுப் போனாங்க, அக்டோபர்ல அதே கோயில்ல ஆயுதக் கும்பல் தாக்கி ரெண்டு வயசுக் குழந்தை செத்துச்சு. இதெல்லாம் நடந்துச்சு. இயக்கத்தோட வேர் இதுதான்னு சொன்னா தப்பு, இயக்கத்துக்குள்ள இது எட்டியே பார்க்கலைன்னு சொன்னா பொய். மூனிக் ஒலிம்பிக்ஸ்ல 11 இஸ்ரேலியருங்க செத்ததுக்கு அப்புறம் 1972 அக்டோபர்ல மேற்கு ஜெர்மனி பாலஸ்தீன மாணவர், தொழிலாளர் சங்கம் ரெண்டையும் தடை பண்ணி, குற்றத்துல சம்பந்தமே இல்லாத நிறையப் பேரைப் புடிச்சு நாடு கடத்துச்சு. அதோட அங்க இயக்கத்தோட முதுகெலும்பே போச்சு. ஜெர்மனில மட்டும் ஏன் இது இன்னைக்கும் நொண்டுதுன்னு கேக்கறவங்க நாஜிக் குற்றவுணர்ச்சிய மட்டும் சொல்வாங்க, இந்த 1972 தடையையும் சேர்த்துக்கோங்க.

யூத வெறுப்புன்னு ஒரே வரில முடிக்கறவங்களுக்கு நான் காட்டற ஆளு ஒரு நெதர்லாந்துக்காரர். பீட் நாக், அம்ஸ்டர்டாம் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி, கம்யூனிஸ்ட். 1941 பிப்ரவரில நாஜிகள் யூதப் பசங்களைத் தெருவுல அடிச்சு இழுத்துட்டுப் போனப்ப, இவரும் வில்லம் க்ரானும் கூட்டம் போட்டு வேலைநிறுத்தத்துக்கு அழைச்சாங்க, டிராம் நின்னுச்சு, துறைமுகம் நின்னுச்சு, ஊரே நின்னுச்சு. யூதர்களைக் கொண்டு போறதை எதிர்த்து ஐரோப்பால நடந்த பெரிய வேலைநிறுத்தம் அது. அதே பீட் நாக்தான் 1969ல தொடங்கின நெதர்லாந்து பாலஸ்தீனக் கமிட்டியோட தலைவர். அதுக்கு முன்னாடி வியட்நாம் கமிட்டில இருந்தாரு. நெதர்லாந்து மாதிரி இஸ்ரேலைத் தலையில தூக்கி வச்சு ஆடின நாட்டுல (1973ல அரபு நாடுகள் எண்ணெயையே நிறுத்துற அளவுக்கு) இவரைப் பார்த்து நீ யூத எதிரின்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? சொன்னாங்க, அது வேற விஷயம்.

இஸ்ரேல்லேர்ந்தே வெளிய வந்த யூதருங்களும் இருந்தாங்க. 1962ல தொடங்கின மட்ஸ்பென் அமைப்போட மோஷே மக்கோவர், அகிவா ஓர் மாதிரி ஆளுங்க லண்டன்ல குடியேறி கூட்டம் கூட்டமாப் போய்ப் பேசினாங்க, பாரிஸ்ல எலி லோபெல். எண்ணிக்கையில கொஞ்சம் பேர்தான், ஆனா ஹீப்ரு பேசற ஒருத்தர் எழுந்து நின்னு ஆக்கிரமிப்பைப் பத்திப் பேசும்போது சபையில ஏற்படற மாற்றமே தனி.

பிரிட்டன்ல தெருவை விட பார்லிமென்ட்லதான் மொதல்ல ஆரம்பிச்சது. 1967 போர் முடிஞ்ச கையோட கிறிஸ்டோஃபர் மேஹ்யூன்னு லேபர் எம்.பி., மைக்கேல் ஆடம்ஸ்னு பத்திரிகையாளர், இயன் கில்மர் மாதிரி கன்சர்வேடிவ் ஆளுங்கன்னு சேர்ந்து அரபு-பிரிட்டிஷ் புரிந்துணர்வுக் கவுன்சில் தொடங்கினாங்க. அரபு நாடுகள்ல வேலை பார்த்து ரிட்டையரான அதிகாரிங்க நிறைய, கோட்டு சூட்டு கும்பல். லேபர் கட்சிக்குள்ளயே 1969ல தனியா ஒரு மத்தியக் கிழக்குக் கவுன்சில் வந்துச்சு. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1970 பிப்ரவரில சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எழுதின கடைசி அறிக்கையே இஸ்ரேலோட குண்டுவீச்சைக் கண்டிச்சுத்தான். ஸ்காட்லாந்துல டண்டீ நகராட்சி 1980ல மேற்குக் கரையில இருக்க நாப்லஸ் ஊரோட சகோதர நகரமாகி பாலஸ்தீனக் கொடிய ஏத்தி பெரிய ரகளையாச்சு.

நார்டிக் நாடுகள்ல வியட்நாம் கமிட்டி ஆளுங்களே இதுக்கும் வந்தாங்க. நார்வே பாலஸ்தீனக் கமிட்டி 1970ல, ஸ்வீடன் பாலஸ்தீனக் குழுக்களோட கூட்டமைப்பு 1976ல. இவங்ககிட்ட எனக்குப் புடிச்சது பேச்சோட நிக்காம டாக்டரையும் நர்ஸையும் லெபனான் முகாமுக்கு அனுப்பினது. 1976ல டெல் அல்-ஸாதர் முகாம் முற்றுகையில ஸ்வீடன் நர்ஸ் ஒருத்தங்க கையையும் புருஷனையும் இழந்தாங்க. டென்மார்க்ல ஒரு சின்ன மாவோயிஸ்ட் கும்பல் வேற வழில போச்சு, வங்கிக் கொள்ளை அடிச்சு பாலஸ்தீன அமைப்பு ஒண்ணுக்குக் காசு அனுப்பிட்டே இருந்தாங்க, 1988ல கோபன்ஹேகன் தபால் ஆபீஸ் கொள்ளையில ஒரு போலீஸ்காரர் செத்து, மறு வருஷம் மாட்டினாங்க.

பி.எல்.ஓ. ஒவ்வொரு தலைநகர்லயும் வச்சிருந்த பிரதிநிதிங்களைத் தனியாச் சொல்லணும். பத்திரிகை ஆபீஸ், சர்ச், தொழிற்சங்கம், எழுத்தாளர் வீடுன்னு ஏறி எறங்கி ஆள் சேர்த்தது அவங்கதான். ரோம்ல வாயில் ஸுஐத்தர், ஆயிரத்தொரு இரவுகளை இத்தாலிய மொழிக்குக் கொண்டு வந்துட்டிருந்தவர், 1972 அக்டோபர்ல இஸ்ரேல் உளவுத்துறை மொசாத் சுட்டுச்சு. பாரிஸ்ல மஹ்மூத் ஹம்ஷரி, ஃபோன்ல குண்டு. லண்டன்ல சயீத் ஹம்மாமி, ரெண்டு ஜனமும் சேர்ந்து வாழலாம்னு 1973லயே இங்கிலீஷ் பேப்பர்ல வெளிப்படையா எழுதின ஆளு, 1978 ஜனவரில, சமாதானப் பேச்சையே எதிர்த்த அபு நிதாலோட பாலஸ்தீனக் கும்பல் கொன்னுச்சு. இஸாம் சர்தாவிய 1983ல போர்ச்சுகல்ல சோஷலிஸ்ட் இன்டர்நேஷனல் மாநாட்டு ஹோட்டல்லயே கொன்னாங்க. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் குண்டு வந்துச்சு. நம்மாளுங்களுக்கும் இதுல ஒரு நூல் இருக்கு, 1975ல லண்டன்ல தொடங்கின ஈரோஸ்ங்கற ஈழப் போராளி அமைப்பு இந்த ஹம்மாமி மூலமாத்தான் பி.எல்.ஓ.வைப் புடிச்சு லெபனான் பயிற்சிக்கு ஆள் அனுப்புச்சு.

அயர்லாந்தைப் பத்திக் கேக்காம இருக்க மாட்டீங்க. அங்க எப்பவுமே இப்படித்தான்னு ஒரு நினைப்பு இருக்கு, அது முழுசா சரியில்ல. 1940கள்ல ஐரிஷ் தேசியவாதிங்கள்ல பல பேருக்கு பிரிட்டிஷ்காரனை எதிர்த்து அடிக்கிற யூதப் போராளிங்கதான் சொந்தம் மாதிரி, பின்னாடி இஸ்ரேல் பிரதமரான ஷமீர் தலைமறைவுக் காலத்துல ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் ஞாபகமா மைக்கேல்னு பேர் வச்சுக்கிட்டாரு. ஆனா அடியில இன்னொரு கணக்கு இருந்துச்சு: பாலஸ்தீனத்துல யூதர்களுக்குத் தாயகம்னு 1917ல பால்ஃபர் அறிக்கை குடுத்த பிரிட்டிஷ் மந்திரி பால்ஃபர் அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி அயர்லாந்தை அடக்க வந்த மந்திரி, அவரை ரத்தக்கறை பால்ஃபர்னுதான் அங்க கூப்பிடுவாங்க. அயர்லாந்துல வெறியாட்டம் ஆடின பிளாக் அண்ட் டான்ஸ்ங்கற பிரிட்டிஷ் போலீஸ் படை ஆளுங்கள்ல நிறையப் பேரை 1922ல பாலஸ்தீனப் போலீஸ் படைக்கே அனுப்பினாங்க. அந்த ஞாபகத்தைத் தட்டி எழுப்பினது 1978ல லெபனானுக்கு ஐ.நா. அமைதிப் படையாப் போன ஐரிஷ் சிப்பாய்ங்க. ஊர் ஊரா குடும்பத்துல ஒருத்தர் தெற்கு லெபனான் போய் வந்தாரு, 1980 ஏப்ரல்ல இஸ்ரேல் ஆதரவு மிலிஷியா ரெண்டு ஐரிஷ் சிப்பாயைக் கடத்திக் கொன்னப்ப நாடே கொதிச்சது. அந்த வருஷம் பிப்ரவரிலயே பஹ்ரைன்ல வச்சு பாலஸ்தீனியருக்குத் தனி அரசு உரிமை உண்டுன்னு ஐரோப்பிய சமூகம்ங்கற ஒன்பது நாட்டுக் கூட்டமைப்புல (இன்னைய ஐரோப்பிய ஒன்றியத்தோட முன்னோடி) மொதல்ல சொன்னது அயர்லாந்துதான். ஜூன்ல ஒன்பது நாடும் சேர்ந்து வெனிஸ் அறிக்கை விட்டுச்சு, சுயநிர்ணயம், பி.எல்.ஓ.வோட பேசணும்னு. அதுக்கு முந்தின வருஷமே ஆஸ்திரியா சான்சலர் க்ரைஸ்கி, யூதக் குடும்பத்துல பொறந்தவர், பி.எல்.ஓ. தலைவர் அரஃபாத்தை வியன்னாவுக்கு வரவச்சு மேற்கு ஜெர்மனியோட முன்னாள் சான்சலர் வில்லி பிராண்ட்டோட உக்கார வச்சிருந்தாரு.

இவ்ளோ இருந்தும் 1982 வரைக்கும் இது சின்னக் கூட்டம்தான். அந்த ஜூன்ல இஸ்ரேல் லெபனானுக்குள்ள புகுந்து பெய்ரூட்டை முற்றுகை போட்டது தினமும் டிவில வந்துச்சு, செப்டம்பர்ல அங்க சப்ரா-ஷத்திலா பாலஸ்தீன அகதி முகாம்ல படுகொலை. இஸ்ரேல்லயே லட்சக்கணக்குல ஜனம் தெருவுக்கு வந்த சமயம் அது. அரசியல் பேசாத சர்ச் ஆளுங்க, நர்ஸுங்க, ஸ்கூல் டீச்சருங்க வர ஆரம்பிச்சது அப்பதான். பிரிட்டன்ல இன்னைக்கு பெரிய ஊர்வலம் நடத்துற பாலஸ்தீன ஒருமைப்பாட்டு இயக்கம் தொடங்கினது 1982ல. ஷத்திலா பக்கத்து காஸா ஆஸ்பத்திரில படுகொலை நேரத்துல ஆபரேஷன் பண்ணிட்டிருந்த டாக்டர் ஸ்வீ சாய் ஆங், சிங்கப்பூர்ல வளர்ந்தவங்க, லண்டன் திரும்பி சிலரோட சேர்ந்து 1984ல பாலஸ்தீனியருக்கான மருத்துவ உதவி அமைப்பை ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ்ல 1974லேர்ந்து இருந்த பிரான்ஸ்-பாலஸ்தீன மருத்துவச் சங்கமும் இன்னொரு சங்கமும் 2001ல ஒண்ணா சேர்ந்ததுதான் இப்ப ஊர் ஊரா கிளை வச்சிருக்க அமைப்பு. 1987ல இன்டிஃபாதாங்கற பாலஸ்தீன மக்கள் எழுச்சி, 2005ல இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொன்ன அழைப்பு, அப்புறம் காஸா எல்லாம் வந்து ஆள் கூட்டினது இந்தக் கட்டடத்து மேலதான், ஆனா அதை எழுப்பினவங்கள்ல முக்கியமானவங்க பாரிஸ் விடுதில தங்கின கூலித் தொழிலாளியும் ஃப்ராங்ஃபர்ட்ல படிக்க வந்த அரபுப் பையனும்தான்.